லிந்தோர் இனி எழுந்திருக்க வேண்டாம்

ஒர்பெலினா கணப்படுப்பு வாங்கக் கொக்ரேன் என்கிற சின்ன நகரத்துக்குப் போனபோது, எப்படிப்பட்ட அடுப்பு வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ராத்திரி விறகு போட என் புருஷன் எழுந்திருக்கத் தேவையில்லாத அடுப்பாக வேண்டும் என்றாள். அவள் புருஷன் லிந்தோர் செத்து அப்போது ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

அது கடைக்காரருக்குத் தெரியாது. அவர் வடக்கிலிருந்து வந்து கடை போட்டவர்.

ஒர்பெலினாவின் வீடு பாகெர் ஆற்றை ஒட்டிப் போகும் சரளைச் சாலைக்கு மேலே, மேட்டில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. சமையலுக்குக் காஸ் அடுப்பு. குளிருக்குக் கூடத்தின் நடுவில் நாலு காலில் நிற்கும் பழைய வார்ப்பிரும்புக் கணப்படுப்பு. அதன் வயிறு சின்னது. படுக்கப் போகும்போது லெங்கா மர விறகைத் திணித்து அடைத்தாலும் நடுச்சாமத்தைத் தாண்டாது. அதை அப்படியே விட்டால் விடியும்போது வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி பனி கட்டியிருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் ராத்திரி யாராவது ஒருவர் எழுந்து விறகு போட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கள் வீட்டில் அது லிந்தோர்.

ஒர்பெலினா இளவயதில் ஆட்டு மயிர் கத்தரிக்கும் கூட்டத்தோடு பண்ணை பண்ணையாகப் போய்ச் சமைத்தவள். நாற்பது ஆண்களின் குறட்டைக்கு நடுவே தூங்கிப் பழகியவள். படுத்தால் தகரத்தைத் தட்டித்தான் எழுப்ப வேண்டும். அப்படி ஒரு பண்ணையில்தான் லிந்தோரைப் பார்த்தாள். அவர் கம்பி வேலி போடுகிறவர். உறைந்த தரையில் மண்டியிட்டு மண்டியிட்டே முழங்கால் இரண்டும் நாற்பது வயதுக்குள் போய்விட்டன. ஆனாலும் ராத்திரி நெருப்பை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எழுவார், முழங்காலை ஏசுவார், கட்டையைப் பட்டை கீழே இருக்கும்படி வைப்பார், கிளறுகம்பியை ஆணியில் மாட்டுவார். ஒர்பெலினா கம்பியைச் சுவரில் சாத்தி வைக்கிற ஆள். அதற்காக அவளிடம் பலதடவை முணுமுணுத்திருக்கிறார். எப்போதாவது அவளுக்குப் பாதி விழிப்பு வந்தால், நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகும் அவர் அடுப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது தெரியும். வந்து படுங்க என்பாள். வர்றேன் என்பார். அவர் வருவதற்குள் அவள் தூங்கிவிடுவாள்.

அந்தத் தென்கோடியில் குளிர்காலம் தொடங்கும் ஏப்ரல் மாதம் வேலிக் கட்டை சுமந்துகொண்டிருந்தவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். கொக்ரேன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்து போய்விட்டார். ஆட்டை அடித்துச் சுட்டு, வந்தவர்களுக்கெல்லாம் போட்டு, அடக்கம் செய்தார்கள். லிந்தோரின் தங்கை டெல்ஃபா பிணத்தின் பக்கத்திலேயே இரண்டு ராத்திரியும் அழாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிழவர் அவளை மூலைக்குக் கூப்பிட்டு என்னவோ நீளமாகப் பேசினார். ஒர்பெலினா அதைப் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

எல்லோரும் போன பிறகு வந்த முதல் ராத்திரி, அடுப்பை முட்ட நிரப்பிவிட்டு, காலையில் விறைத்துப்போய்த்தான் எழுந்திருக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே படுத்தாள். எழுந்தபோது வீடு வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பின் மேலிருந்த கெண்டி முனகிக்கொண்டிருந்தது. நல்ல காய்ந்த விறகு போலிருக்கிறது என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் மாத்தே இலைக் கசாயம் குடிக்க வெந்நீர் ஊற்றும்போதுதான் கிளறுகம்பி ஆணியில் தொங்குவதைப் பார்த்தாள்.

அடுப்புக் கதவைத் திறந்தாள். உள்ளே கங்கு கனிந்திருந்தது. அதன் மேல் பாதி எரிந்த ஒரு கட்டை. பட்டை கீழே இருந்தது.

ஒர்பெலினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். செத்த பிறகுமா இந்த மனுஷனுக்குத் தூக்கமில்லை என்று வாய்விட்டுச் சொன்னாள். புகைக்குழாயில் காற்று மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபா வந்தபோது அவளிடம் மட்டும் சொன்னாள். டெல்ஃபா கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஓடைக்கு அந்தப் பக்கம் அப்பா விட்டுப்போன வீட்டில் ஆடுகளோடு தனியாக இருந்தாள். கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை, சிலுவையும் போட்டுக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி இங்கேயே படுக்கிறேன் என்றாள். விழித்திருந்து பார்த்துவிடுவது என்று அடுப்புக்கு எதிரே பலகை பெஞ்சில் போர்வை இல்லாமல் உட்கார்ந்தாள். குளிரில் தூக்கம் வராது என்பது அவள் கணக்கு. ஆனால் பகலெல்லாம் ஆடு மேய்த்த உடம்பு. விடிந்து கண் விழித்தபோது அவள் மேல் லிந்தோரின் பழைய கம்பளிப் போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நீங்களா போர்த்தினீங்க என்று அண்ணியைக் கேட்டாள். ஒர்பெலினா பெட்டியிலிருந்து அந்தப் போர்வையை எடுக்கவேயில்லை.

அன்றிலிருந்து டெல்ஃபாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாரத்தில் மூன்று நாள் வந்தாள். வந்தால் பேசுவது கொஞ்சம், அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதிகம். ஒர்பெலினாவுக்கோ நாளுக்கு நாள் தாங்கவில்லை. காலையில் எழுந்தால் தூங்கினதாகவே இல்லை. முழங்கால் வேறு வலித்தது. வயசாகிறது, துக்கம் வேறு என்று நினைத்துக்கொண்டாள். தன் வலியை நினைக்கும்போதெல்லாம் அவர் வலி ஞாபகம் வந்தது. இருந்தவரை அந்தக் காலோடு ஒரு ராத்திரி முழுசாகப் படுத்ததில்லை. போன பிறகாவது படுக்க வேண்டாமா? நெருப்பு அணைந்துவிடும் என்றுதானே எழுந்து வருகிறார்? அணையாத நெருப்பாக இருந்துவிட்டால் வர வேண்டியதில்லையே?

புது அடுப்பு வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் டெல்ஃபா மாத்தே குடுவையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணன வீட்ட விட்டு வெரட்டுறீங்க."

"வெரட்டல. தூங்க விடுறேன்."

"அவரு கேட்டாரா உங்கள, தூக்கம் வேணும்னு?"

"கேக்காமத்தான் ஒரு ஆயுசு பூரா எந்திரிச்சாரு. போதும் டெல்ஃபா."

டெல்ஃபா சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு கிடாரியை விற்று வந்த காசோடு ஒர்பெலினா பஸ் ஏறினாள். கடையில் அடுப்புகள் வரிசையாக நின்றன. கடைக்காரர் பெயர் இப்போலிதோ. பேச அலுக்காத மனிதர். முதலில் அவள் போய் நின்றது இருப்பதிலேயே பெரிய அடுப்பின் முன்னால். பெரிசாக இருந்தால் விறகு நிறையப் பிடிக்கும், நேரம் தாங்கும் என்று நினைத்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அது பள்ளிக்கூடக் கூடத்துக்கு ஆனது என்றார். சின்ன வீட்டில் வைத்தால் சூடு தாங்காமல் காற்றை அடைத்து அடைத்து வைப்பீர்கள். நெருப்பு மூச்சுத் திணறும், கண்ணாடி கருக்கும், குழாய்க்குள் தார் பிடிக்கும், ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும் என்றார். பிறகு நடுத்தரமான ஒன்றைக் காட்டினார். உள்ளே மூன்று பக்கமும் தீச்செங்கல் பதித்திருந்தது. தகடு கனமானது, அவள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள், மந்தமான சத்தம் வந்தது. ஒரு நாளிதழ் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுக்கச் சொன்னார். தாள் கிழிந்தது, வரவில்லை. இவ்வளவு இறுக்கம் இருந்தால்தான் காற்று நாம் விடுகிற வழியில் மட்டும் போகும், கட்டை மெதுவாக வேகும் என்றார்.

"இப்ப வீட்ல இருக்கற அடுப்பு எவ்வளவு நேரம் தாங்குதும்மா?"

"விடியற வரைக்கும்."

"பழைய சின்ன அடுப்பா? விடியற வரைக்குமா?" இப்போலிதோ சிரித்தார். "அப்ப அத எங்கிட்ட வித்துடுங்க, நான் இத உங்களுக்கு சும்மா தர்றேன்."

"தானா தாங்கல. நடுவுல வெறகு விழுது."

"யாரு போடுறா, வீட்டுக்காரரா? அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. குனிஞ்சு நிமிர்றது அவருதான், கதவு ஒசரம் அவருக்குத் தோதா இருக்கான்னு பாத்துருக்கலாம்."

"அவரு வரமாட்டாரு," என்றாள் ஒர்பெலினா. "வரக்கூடாதுன்னுதான் வாங்கறேன்."

இப்போலிதோ அடுப்பின் கதவைத் திறந்து காட்டினார். படுக்கும் முன் கங்கை முன்பக்கமாக இழுத்து, பின்னால் பருமனான ஞீரே மரக் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கச் சொன்னார். நன்றாகப் பிடிக்கிறவரை காற்றைத் திறந்து வைத்து, அப்புறம்தான் குறைக்க வேண்டும். இரண்டு கோடை காய்ந்த விறகாக இருக்க வேண்டும். ஈர விறகைப் போட்டுவிட்டு என்னைத் திட்டக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

வண்டியில் வந்த ஆட்கள் கூரையைத் துளைத்து இரட்டைக் குழாய் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் காலை ஒர்பெலினா கட்டிலை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே கிடந்தாள். வீடு சூடாக இருந்தது. போய்ப் பார்த்தாள். கிளறுகம்பி அவள் சாத்தி வைத்த இடத்திலேயே இருந்தது. கட்டைகள் அடுக்கின அடுக்குக் கலையாமல் உட்பக்கமாகவே வெந்து கங்காகியிருந்தன. யாரும் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் கல்லைப் போட்ட மாதிரி தூங்கினாள். முழங்கால் வலிகூட விட்டுவிட்டது. சூடு பட்டதால் இருக்கும் என்று நினைத்தாள். அவர் தூங்குகிறார் என்று நினைத்தபோது நிம்மதியாக இருந்தது. நிம்மதியான உடனே அழுகையும் வந்தது. அடக்கத்தன்று வராத அழுகை.

பழைய அடுப்பை எனக்குக் கொடுங்கள் என்று டெல்ஃபா ஆள் அனுப்பினாள். ஒர்பெலினா கொடுத்துவிட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். டெல்ஃபா தன் வீட்டிலிருந்த அடுப்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். கிளறுகம்பிக்குச் சுவரில் ஆணியும் அடித்தாள். ஆனால் யாரும் வரவில்லை. ஜூன் மாதக் குளிரில் ஒவ்வொரு விடியலிலும் அணைந்த அடுப்பின் முன்னால், வாயில் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாத்தேவுக்கும் வருவதை நிறுத்திவிட்டாள்.

ஜூலையில் ஓடைப் பாலத்தில் பனியில் சறுக்கி டெல்ஃபா கணுக்காலை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து கிடந்தவளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. ஒர்பெலினா கோழிகளைப் பக்கத்துப் பண்ணையில் விட்டுவிட்டு, துணிமூட்டையோடு போய்ச் சேர்ந்தாள். இருவரும் பழைய சண்டையைப் பேசவில்லை. டெல்ஃபாவின் கட்டிலுக்கு எட்டின தூரத்தில், அடுப்பை ஒட்டி ஒர்பெலினா மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். விறகு திணித்தாள், காற்றைக் குறைத்தாள், படுத்தாள்.

காலையில் அவள் மாவு பிசைந்து ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தபோது டெல்ஃபா கூப்பிட்டாள்.

"அண்ணி, இப்படி வந்து உக்காருங்க."

"ரொட்டி கருகிடும்."

"கருகட்டும். நேத்து கால் வலியில எனக்குத் தூக்கமே இல்ல. அடுப்புக்கு வெறகு வெச்சது யாருன்னு நான் பாத்துட்டேன்."

ஒர்பெலினா அப்போதுதான் கவனித்தாள். வீடு சூடாக இருந்தது. அந்த அடுப்பு, அந்த வயிற்றை வைத்துக்கொண்டு, விடியும்வரை எரிந்திருக்கிறது. கம்பி ஆணியில் தொங்கியது. "வந்தாரா?" என்றாள்.

"எந்திரிச்சது நீங்க."

டெல்ஃபா மெதுவாக, ஒன்றையும் கூட்டாமல் சொன்னாள். உங்கள் கண் திறந்திருந்தது. கட்டிலை விட்டு இறங்கும்போதே ஒரு காலை இழுத்துத்தான் இறங்கினீர்கள். அடுப்பின் முன் மண்டியிட்டு, முழங்காலில் கையை ஊன்றி, இந்த எழவு முழங்காலு என்றீர்கள். குரல் உங்களுடையதுதான். பட்டை கீழே இருக்கும்படி கட்டையைத் திருப்பி வைத்தீர்கள். நெருப்பு பிடித்த பிறகும் கதவைச் சாத்தாமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அண்ணா என்று கூப்பிட்டேன்.

"திரும்பிப் பாத்து, 'இன்னும் தூங்கலையா சுண்டெலி'ன்னீங்க."

அந்தப் பெயரை ஒர்பெலினா கேள்விப்பட்டதேயில்லை. சின்ன வயசில் அண்ணன் என்னைக் கூப்பிடுகிற பெயர், எனக்கு இருபது வயதான பிறகு ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை என்றாள் டெல்ஃபா.

ஒர்பெலினா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஏப்ரலிலிருந்து இந்தக் கைகளில் சிராய் ஏறிக்கொண்டே இருந்தது. பகலில் விறகு சுமக்கும்போது ஏறுகிறது என்று ஊசியால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். புது அடுப்பு வந்த பிறகு ஒன்றுகூட ஏறவில்லை. இன்று காலை கட்டைவிரலடியில் புதிதாக ஒன்று இருந்தது. வலியும் முழங்காலில் திரும்ப வந்திருந்தது. தூக்கத்தில் நடக்கிற வியாதி சிலருக்கு உண்டு, துக்கத்தில் வரும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். ரொட்டி கருகுகிற வாசம் வந்தும் இருவரும் எழவில்லை.

அன்று சாயங்காலம் ஒர்பெலினா விளக்கேற்றும்போது டெல்ஃபா கேட்டாள்.

"ஒரே ராத்திரி, அண்ணி. அவருகிட்ட நான் ஒண்ணு கேக்கணும்."

"கல்லறைல போய்க் கேளு."

"கேட்டேன். அங்க யாரும் பதில் சொல்லல."

"இது என் ஒடம்பு டெல்ஃபா. கேட்டதும் எடுத்துக் குடுக்கறதுக்கு குதிரையா?"

"தெரியும். அதான் கெஞ்சறேன்."

பிறகு டெல்ஃபா செவெரோவைப் பற்றிச் சொன்னாள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவன். இருபது வயதில் அவனோடு போய்விடுவதாக இருந்தாள். குளிர்காலம் முடிவதற்குள் வந்து கூட்டிப்போகிறேன் என்றவன் வரவில்லை. அவன் உன்னை மறந்துவிட்டான், வேறு வேலையைப் பார் என்று லிந்தோர் சொன்னார். அவளும் நம்பினாள். அப்புறம் யாரையும் அவள் கிட்டே சேர்க்கவில்லை. அண்ணனின் சாவு வீட்டில் அந்தக் கிழவர்தான் மூலைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். செவெரோ வந்தான். நானே அவனை இந்த வீட்டு வேலிவரைக்கும் கொண்டுவந்து விட்டேன். வேலியில் உன் அண்ணன் வேலை செய்துகொண்டிருந்தார். அதற்கப்புறம் எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ செவெரோவைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்றாராம்.

டெல்ஃபா இத்தனை நாள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது பாசத்தினால் மட்டுமில்லை என்பது ஒர்பெலினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். எதிரே காலை நீட்டிக்கொண்டு கிடந்தவள் நாற்பது வருஷமாக இந்த ஜன்னலோரத்தில் கிடக்கிறவள். ஒர்பெலினாவுக்குச் சொல்ல வரவில்லை. பயமாக இருந்தது. வந்தவர் திரும்பிப் போகாவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

"விடிஞ்சதும் என்ன எழுப்பணும்," என்றாள். "அண்ணின்னு கூப்பிடாத. எம் பேரச் சொல்லு. நான் திரும்புற வரைக்கும் சொல்லிட்டே இரு."

அன்று அடுப்பில் வேண்டுமென்றே குறைவாக விறகு போட்டாள். தலையைப் பின்னிக்கொண்டாள். காலுறையை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூக்கம் வராது என்றுதான் நினைத்தாள்.

எங்கோ ஆழத்திலிருந்து யாரோ ஒர்பெலினா, ஒர்பெலினா என்று கூப்பிடுவது கேட்டது. ரொம்ப நேரமாகக் கூப்பிடுகிற குரல், கம்மிப்போயிருந்தது. கண் திறந்தாள். வெளிச்சம் வந்து வெகு நேரமாகியிருந்தது. விளக்கு இன்னும் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் மடக்குக் கட்டிலில் இல்லை. டெல்ஃபாவின் கட்டிலுக்கு நேர் எதிரே போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் மாத்தே குடுவை. நெஞ்செரிச்சல் வரும் என்று இருட்டின பிறகு அவள் மாத்தேவைத் தொடுவதில்லை. இப்போது நாக்கெல்லாம் கசந்தது. பேச வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. ராத்திரியெல்லாம் பேசினவளின் தொண்டை மாதிரி புண்ணாகிக் கிடந்தது.

டெல்ஃபா கட்டிலின் மறுகோடியில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறிந்த காலோடு எப்படி அங்கே நகர்ந்தாளோ.

"என்ன சொன்னாரு?" என்றாள் ஒர்பெலினா, வந்த குரலில்.

டெல்ஃபா ஜன்னலைப் பார்த்தாள். மலையில் பனி இறங்கியிருக்கிறது என்றாள். பிறகு, "உங்க அடுப்பு மாதிரியே இன்னொண்ணு அந்தக் கடையில இருக்குமா?" என்று கேட்டாள்.

அன்று பகலிலேயே ஒர்பெலினாவைத் தன் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள். பகலில் மட்டும் வந்து பாருங்கள், ராத்திரி வேண்டாம் என்றாள். கால் சேர்ந்து நடக்க முடிந்ததும் கொக்ரேனுக்குப் போய், பேரம் பேசாமல், அதே அடுப்பை வாங்கி வந்து மாட்டினாள். பழையதை லாரிக்காரன் ஒருவன் சரளைக் குழியில் தள்ளிவிட்டுப் போனான். வசந்தம் வந்ததும் வீட்டை ஒட்டி லிந்தோர் அந்தக் காலத்தில் வேலி போட்ட பழைய பட்டியிலிருந்து ஆடுகளை வேறு பட்டிக்கு மாற்றினாள். அந்தப் பட்டியில் இப்போது புல் இடுப்பளவு நிற்கிறது. அவள் மேய விடுவதில்லை.

ஒர்பெலினா ஒரே ஒரு தடவைதான் மறுபடி கேட்டாள். செவெரோவைப் பற்றிக் கேட்டாயா என்றாள். கேட்டேன் என்றாள் டெல்ஃபா. அதோடு சரி. அதன் பிறகு ஒர்பெலினாவுக்கும் தெரிந்துகொள்ளும் ஆசை போய்விட்டது. சில சாயங்காலங்களில் கங்கை முன்னால் இழுத்துக் கட்டைகளை அடுக்கும்போது, அந்த மனுஷன் அத்தனை வருஷமும் நெருப்புக்காகத்தான் எழுந்தாரா என்று ஒரு நினைப்பு வரும். கதவை இறுகச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

வெளியூரில் ராத்திரி தங்க வேண்டியிருந்தால், அந்த வீட்டில் அடுப்பு எதுவரைக்கும் எரியும் என்று முதலில் விசாரிப்பாள். கண் ஆபரேஷனுக்குக் கொய்ஹைக்கே நகருக்குப் போனபோதும் விசாரித்துவிட்டுத்தான் உறவுக்காரி வீட்டில் தங்கினாள். வயசான மனுஷிக்குக் குளிர் தாங்காது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

டெல்ஃபா இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள். அண்ணிக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவருகிறாள், கம்பளி நூல் சுற்றித் தருகிறாள், ஊர்க்கதை எல்லாம் பேசுகிறாள். பேசும்போது ஒர்பெலினாவின் கையைப் பார்க்கிறாள், நெற்றியைப் பார்க்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். வாயை மட்டும் பார்ப்பதில்லை. ஒர்பெலினாவும் அது தெரிந்து, அவள் இருக்கும்போது சால்வை நுனியை மூக்குவரை இழுத்துக்கொண்டுதான் பேசுகிறாள்.